டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஏழையர் உயர்கல்வியும்

கொடைக்கானலுக்குப் புறப்பட்டுத் தெற்கு நோக்கிப் புகைவண்டியிற் செல்லும் அன்பர்கள் திண்டுக்கல்லைக் கடந்தவுடன் மூட்டை முடிச்சுகளைத் திரட்டத் தொடங்கிவிடுவர். கொடை ரோடு நிலையத்தில் இறங்க வேண்டுமே என்னும் பரபரப்பில், இடையே வரும் அம்பாத்துறை என்னும் சிறு நிலையத்தை அவர்கள் ஏறெடுத்தும் பாரார். கிழக்கே சிறுமலை, மேற்கே நீலநிறமாய்ப் படர்ந்து கிடக்கும் பழனி மலைத்தொடர், இரண்டற்கும் நடுவே சின்னாளப்பட்டி என்னும் நெசவாளர் ஊர். அவ்வூரை அடுத்துள்ள காந்திகிராமத்தை உண்டாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் சரித்திரத்தை இம்மாதம் நேயர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அம்மையார் நம் குலத்திற் பிறந்தவரல்லர். நம் சஞ்சிகையில் நம்மவரின் வரலாறுகளே பெரும்பாலும் வெளிவருதலின், இஃது ஏன் என வினவுவாரும் உளராவர். கல்வி நிதி, மாணவர் விடுதி, உபகாரச் சம்பளம் ஆகியவை பற்றி நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பேசுகின்றோம். அப்பேச்சில் நாம் தொடாது விட்ட ஒரு பகுதியை அம்மையார் வாழ்நாள் முழுதும் தொட்டுச் செய்தார். ஆதலின் இக்கட்டுரை எழுந்தது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். 1911-இல் வாணிகத்தைத் தொடங்கிப் பின்னர்ப் பேருந்துப் போக்குவரத்தாலும் மோட்டார்த் தொழிலாலும் தென்னாடெங்கும் பெயர் பெற்ற அச்செல்வரை அறியாதார் இலர். பொருளுக்குக் குறைவில்லாத அவ்வில்லத்திலும் அக்கால வழக்கம் வழக்கமாகவே இருந்தது. பதினான்காம் வயதில் அம்மையார்க்கு மணம் நிகழ்ந்தது. கணவர் சௌந்தரராஜன் மருத்துவம் பயின்றவர். பிளேக்கு நோய் பரவிய காலத்தில் நோயாளர்க்குச் சிகிச்சை செய்யப்புக்கு, அந்நோயே தம்மைத் தொற்ற, இளமையிலேயே இறந்தார். அம்மையார் கைம்பெண்ணானார்.

அந்நாளில் உயர்குலத்து இளங் கைம்பெண்ணின் நிலை இன்னதென நாம் விரித்தெழுத வேண்டுவதில்லை. நம் பாட்டியர் காலத்து நினைவுடையோர் அறிவர். அம்மையாரின் பெற்றோர் அவரை மூலையில் இருத்தாது படிக்க விடுத்தனர். அவர் தில்லி சென்று, பெண்கட்கென 1916-இல் திறக்கப்பெற்ற லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கலாசாலையிற் சேர்ந்து, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வயது முப்பத்திரண்டு. கணவரைக் கொண்ட நோயின் கூற்றைத் தாமே கற்றுணர்ந்து, பிறர் உயிரைக் காக்கும் தகுதியோடு ஊர் திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். செல்வர் மகள் ஆதலின் அம்மையார்க்கு இக்கல்வி கிட்டியது. தில்லிப் பயணச் செலவையும் விடுதிச் செலவையும் தாங்கும் தந்தை இருந்தார். அவர் கூலி கொண்டு வந்தாலன்றி உலை ஏறாது என்னும் நிலை அவ்வில்லத்தில் இல்லை. அதே ஆண்டுகளில் அதே நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த ஏழைக் கைம்பெண்கள் வயலுக்கும் கல்லுடைக்கும் சென்றனர். இவ்வேறுபாட்டை அம்மையார் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று.

தில்லியிற் படிக்கும்போது சுசீலா நய்யார் என்னும் தோழியின் வாயிலாகக் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டது. அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த ஜி. ராமச்சந்திரன் என்பாரோடும் பழக்கம் உண்டாயிற்று. அவர் நெய்யாற்றின்கரையைச் சார்ந்தவர், சாந்திநிகேதனத்திற் பயின்றவர், மொழியும் வகுப்பும் வேறு. இருவரும் மணந்துகொள்ளக் கருதியபோது அது பெற்றோர்க்கு உடன்பாடாய் இருக்கவில்லை. அடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கப் பணித்தார். ஓராண்டு கழிந்தும் உள்ளம் மாறாமை கண்டு, 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சேவாகிராமத்தில் தம் முன்னிலையிலேயே மணத்தை நடத்தி வைத்தார். கைம்மை மணம் ஒன்று, கலப்பு மணம் ஒன்று. இரண்டையும் ஒருங்கே செய்தார் அம்மையார். வகுப்புச் சங்கத்தின் ஏட்டில் இதனைப் பாராட்டி எழுதுவது முறையோ எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி எழுதுகின்றோம், பாராட்டவும் செய்கின்றோம்.

1942-ஆம் ஆண்டு இயக்கத்திற் பங்குகொண்ட பின்னர், கஸ்தூரிபா அம்மையாரின் நினைவாக ஏற்பட்ட நிதியின் தென்னாட்டுப் பொறுப்பு இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கிராமப் பெண்களைத் தொண்டிற்குப் பயிற்றுதலும் தாய் சேய் நலம் பேணுதலுமே அந்நிதியின் பணி. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டோர்க்குத் திறவாத கோயிலில் நுழைவதில்லை என்னும் உறுதியுடைய அவர், 1939-இல் கோயிற் கதவுகள் திறக்கப்பட்டமையால் மீனாட்சியையும் பழனியாண்டவரையும் தொழுது சென்றார். மறு ஆண்டு, 1947 அக்டோபர் 7-ஆம் நாள், காந்திகிராமம் தொடங்கியது. தொடக்கத்தில் அது பெரிய ஸ்தாபனம் அன்று. சின்னாளப்பட்டியில் இரண்டு கட்டில் கொண்ட சிறு மருத்துவச் சாலை. அதுவே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாய் வளர்ந்தது.

மருத்துவராய் வந்தவர் கல்விப் பணியில் இறங்கியது எவ்வாறு? மலையடிவாரத்து நிலைமையைச் சிறிது கூறினாலன்றி இது விளங்காது.

பழனி மலைகளிற் கல்விக்குரிய கட்டடங்கள் இல்லாமல் இல்லை. 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடமைத்து வாழ்ந்தனர். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் தம் துறவியரைப் பயிற்றத் திருஇருதயக் கலாசாலையை நிறுவினர். 1901-இல் பாதிரிமாரின் பிள்ளைகட்குப் பள்ளி ஒன்று எழுந்தது. அவ்வாண்டே சூரியனை ஆராயும் வானிலைக் கூடமும் தன் பணியைத் தொடங்கியது. தத்துவமும் வானநூலும் அம்மலையின் உச்சியில் ஓதப்பெற்றன. ஆயின் மோட்டார்ப் பாதை வருமுன்னர்ப் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து துரைமாரையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்துத் தோளிற் சுமந்து ஏற்றியவர்களின் பிள்ளைகட்கு அவற்றுள் ஒன்றும் உரியதன்று. பூம்பாறையில் பூண்டு பயிரிடுவோரும், தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பித் தோட்டத்திற் கூலி செய்வோரும், தேனும் கிழங்கும் எடுத்து வாழும் பளியரும் அவ்விளக்கொளியைத் தூரத்தே கண்டனர். அவ்வளவே.

மலையின் கீழே நிலைமை சிறிதே மேல். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881 முதல் இருந்தது. பெண்கட்கெனத் தனிக் கல்லூரி அந்நகரில் 1948-இல்தான் தோன்றியது. சர்வகலாசாலையோ 1966 வரையிற் சென்னையையே நோக்க வேண்டியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ ஒரு கூலியாள் மகன் மதுரைக்குச் சென்று படிக்க வேண்டுமாயின், சம்பளத்தைச் சர்க்கார் மன்னித்தாலும், விடுதிச் சோறும் சட்டையும் புத்தகமும் யார் தருவது? அன்றியும், பதினாறு வயதுப் பையன் நாள்தோறும் கொண்டுவரும் கூலியை அக்குடும்பம் இழக்க வேண்டும். நூல்களிற் கல்விச் செலவு என்று எழுதப்படுவது சம்பளத்தை மட்டுமே. ஏழை இல்லத்தில் பெரிய செலவு, வராமற்போன அக்கூலிதான். இக்கணக்கை அறியாதார் வறியவர் மக்களுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை என்று எளிதிற் கூறிவிடுகின்றனர்.

அம்மையார் அக்கணக்கை அறிந்தவர். வத்தலக்குண்டு வட்டாரத்தில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926-இற் பிறந்த கிருஷ்ணம்மாள் என்னும் சிறுமி மதுரையிற் கற்க வந்தபோது அவரை ஆதரித்துத் தம் பிள்ளைபோற் பேணியவர் சௌந்தரம் அம்மையாரே. அவர் பட்டம் பெற்றார். அக்குலத்துப் பெண்களிற் பட்டம் பெற்றவர் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பட்டதாரியான பின் அவர் உத்தியோகம் தேடிச் சென்றிலர். 1950-இல் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்து, கணவரோடு பூதான இயக்கத்தில் நடந்தார். பிற்காலத்தில் கீழைத் தஞ்சையில் நிலமற்ற பெண்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் பதிவாகப் பாடுபட்டார். 2020-இல் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தது. ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு எத்தனை குடும்பங்களுக்குக் காணி நிலமாய் விளைந்தது என்று எண்ணிப் பார்க்கும்போது, நம் உபகாரச் சம்பளக் கணக்கேட்டை மூடிவைத்துச் சற்றே சிந்திக்கத் தோன்றுகின்றது.

எனினும் ஒருவரையோ இருவரையோ தூக்கிவிடுவதால் ஊர் உயராது. படித்தவன் பட்டணம் போவான். அவன் வீடு ஓடு வேய்ந்ததாய் மாறும். ஊர் இருந்தபடியே இருக்கும். கற்றவனைக் கிராமத்தினின்றும் பிரிக்காத உயர்கல்வி உண்டா என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் வினா. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கமிஷன் கிராமச் சர்வகலாசாலைகள் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தென்மார்க்கு நாட்டில் குடியானவர்க்கென எழுந்த மக்கட் பள்ளிகளும், அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலக்கொடை பெற்று உழவும் தொழிலும் கற்பித்த கலாசாலைகளும் அக்காலத்து அறிஞர்க்கு நல்ல முன்மாதிரிகளாய் இருந்தன. பின்னர் ஸ்ரீமாலி என்பார் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து கூற, 1956-இல் இந்தியாவிற் பல இடங்களிற் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் திறக்கப்பெற்றன. தமிழ்நாட்டில் இரண்டு: கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று, மற்றொன்று காந்திகிராமம்.

ராமச்சந்திரனார் அந்நிலையத்தின் பொறுப்பேற்றார். அம்மையார் மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகட்கான சௌபாக்கிய இல்லம், பெண்கட்கான சேவிகாசிரமம், கைத்தொழிற்கூடங்கள் ஆகிய ஏனைய அங்கங்களை வளர்த்தார். வகுப்பறையிற் கூட்டுறவும் சுகாதாரமும் உழவும் கற்ற மாணாக்கர் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று கற்றதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது விதி. சாக்கடை வெட்டுதலும் சங்கக் கணக்கு எழுதுதலும் அங்கே பாடத்தின் பகுதியாயின. பட்டணத்துக் கல்லூரியிற் படித்த நமக்கு இது வியப்பாகவே இருக்கும். நாம் கூட்டுறவைப் பற்றிப் பரீட்சைத்தாளில் மட்டுமே எழுதினோம்.

புகழ்ச்சி மட்டும் கூறி இதனை விடுதல் நேர்மையன்று. அந்நிலையங்கள் மூன்றாண்டு படித்தோர்க்கு அளித்தது கிராமப்பணிப் பட்டயம், பட்டம் அன்று. மத்திய சர்க்கார் அதனைப் பட்டத்திற்கு நிகராக ஏற்றாலும், வேலை தருவோரும் பிற சர்வகலாசாலைகளும் தயங்கினர். கூலியை இழந்து மகனைப் படிக்க விட்ட தந்தைக்கு இது எத்தகைய ஏமாற்றம்! கிராமத்தார்க்கென்று வேறொரு கல்வி வகுத்தால், அது தாழ்ந்த கல்வியாகவே மதிக்கப்படும் அபாயம் எப்போதும் உண்டு. பட்டணத்துப் பிள்ளைக்குப் பட்டம், பட்டிக்காட்டுப் பிள்ளைக்குப் பட்டயம் என்பது சமத்துவமாகாது. இக்குறையை அன்றே சுட்டியவர்கள் தவறு செய்தாரல்லர். இதன் மருந்து நீண்ட காலத்திற்குப் பின்னரே கிட்டியது. 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காந்திகிராமம் நிகர்நிலைச் சர்வகலாசாலை ஆக்கப்பட்டுத் தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இருபதாண்டுகள் காத்திருந்த பின் வந்த உரிமை அது. அவ்விருபதாண்டில் படித்து வெளியேறியோரின் இழப்பை எவர் ஈடுசெய்வார்?

அம்மையாரின் அரசியல் வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். 1952-இல் ஆத்தூர்த் தொகுதியினின்றும், 1957-இல் வேடசந்தூரினின்றும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல்லினின்று பார்லிமெண்டு அங்கத்தினராகி, மத்தியக் கல்வித் துணை மந்திரியாய் 1967 வரை பணிபுரிந்தார். பத்மபூஷண் விருதும் 1962-இல் வழங்கப்பெற்றது. 1967 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் வெற்றி எதிர்க்கட்சிக்குப் போயிற்று. அரசியலில் இது இயல்பு. அம்மையார் காந்திகிராமத்திற்கே திரும்பினார்.

அவர் தில்லியில் இருந்த ஆண்டுகளிலும் அடிவாரத்துப் பணி நிற்கவில்லை. ஆத்தூர் வட்டாரத்திற் குடும்பநலம் பற்றி நடந்த பரிசோதனை பிற நாட்டறிஞரும் வந்து காணும்படி வளர்ந்து, 1964-இல் கிராமிய சுகாதாரத்திற்கென்றே தனி நிலையமாயிற்று. ஒரு பெண்ணைப் படிக்க வைப்பதற்கும் அவள் தாய்க்குப் பிரசவம் பார்ப்பதற்கும் உள்ள தொடர்பை அம்மையாரைப்போல் அறிந்தவர் சிலரே. ஆண்டுக்கொரு பிள்ளை பிறக்கும் வீட்டில் மூத்த மகள்தான் தொட்டிலாட்டுவாள். அவள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாள். கல்லூரி வாசல் அவளுக்கு எங்ஙனம் தெரியும்? ஆகவே உயர்கல்வியின் வாயில் மருத்துவச்சாலையிலே தொடங்குகின்றது எனினும் மிகையாகாது.

மலைப்பக்கமும் பின்னர்ச் சிறிது சிறிதாய்க் கண்திறந்தது. பழனியில் 1960-இல் ஆண்டவர் கோயிற் பொருளைக்கொண்டே கலைக் கல்லூரி ஏற்பட்டது. 1970-இல் பெண்கட்கும் ஒன்று. காவடி எடுத்து மலையேறிய எளியோர் உண்டியலில் இட்ட காசு அவர்தம் பிள்ளைகளின் பாடப்புத்தகமாய்த் திரும்பிய இச்செயலை நாம் பெரிதும் மெச்சுகின்றோம். 1984-இல் தமிழ்நாட்டரசு இயற்றிய சட்டத்தால் கொடைக்கானலில் அன்னை தெரசாவின் பெயரால் மகளிர் சர்வகலாசாலை தோன்றியது. நாற்காலி சுமந்தோர் ஏறிய அம்மலையில், அவர்தம் பேத்தியர் பட்டம் பெறுதற்குரிய இடம் அதுவே முதலாகும்.

அவ்வாண்டே, அக்டோபர் 21-ஆம் நாள், சௌந்தரம் அம்மையார் காலமானார். வயது எண்பது. திண்டுக்கல் தனி மாவட்டமாய்ப் பிரிந்தது மறு ஆண்டில். அதனைக் காண அவர் இல்லை. 2005-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சற்றலை வெளியிட்டது.

இச்சரித்திரத்தை எழுதத் துணிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. சில ஆண்டுகட்கு முன் நம் கல்வி நிதிக் குழுவிற்குத் தாண்டிக்குடிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றினின்று ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். தகப்பன் இல்லை, தாய் காப்பிப்பழம் பறிப்பவள், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அடிவாரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் நம் அலுவலகத்திற்கு எங்ஙனம் வந்தது என்பது தெரியவில்லை. யாரோ ஓர் ஆசிரியர் முகவரியைத் தவறாகக் கொடுத்திருத்தல் வேண்டும். அவள் நம்மவள் அல்லள் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. விதி இடந்தராது என்று ஒருவர் கூறினார். நிதியில் அவ்வாண்டு மீதம் இருந்தது. வருத்தத்தோடே ஒதுக்கினோம். மறுப்புக் கடிதத்தில் நாமும் கையெழுத்திட்டோம்.

நம் நிதி நம் முன்னோர் தம் மக்களுக்கென வைத்தது. அதனைப் பிறர்க்களித்தால் நம் ஏழைகளுக்குக் குறையும் என்னும் வாதத்தை நாம் அறியாதவர் அல்லோம். அதில் நியாயமும் உண்டு. ஆயின் நம்மவருள்ளும் கூலியாளின் மகனைவிட வணிகரின் மகனே நம் உபகாரச் சம்பளத்தை அடிக்கடி பெறுகின்றான் என்பதைக் கணக்கேடு காட்டுகின்றது. விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவனுக்கே பணம் போகின்றது. குலம் ஒன்றாயினும் வீடுகள் ஒன்றல்ல.

வரும் மகாசபைக் கூட்டத்தில் அவ்விதியைத் திருத்த ஒரு பிரேரணை வருகின்றது. நிதியில் பத்தில் ஒரு பங்கைக் குலம் நோக்காது, முதல் தலைமுறையாய்க் கல்லூரி செல்லும் ஏழைப் பிள்ளைகட்கு ஒதுக்குவது என்பது அதன் சாரம். அதனை ஆதரித்து நாம் பேசுவோம். அம்மலைப்பெண்ணின் விண்ணப்பம் இன்னும் அலுவலகத்துக் கோப்பில் இருக்கின்றது. அவள் கேட்டிருந்தது ஓராண்டு விடுதிச் செலவு.